உடைக்கப்படாத தகடு

1

போன சனிக்கிழமை காலை, கடையின் கார்த் தரிப்பிடத்தில் மன்ஃப்ரெட் தன் தள்ளுவண்டியால் என் வண்டியை இடித்தார். தவறுதலாக இடிக்கவில்லை. இருபது மீற்றர் தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டு நேராக வந்து இடித்தார். என் வண்டியின் மேல்தட்டில் இருந்த முட்டைப்பெட்டி கீழே விழுந்தது. அவர் முட்டைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறீர்களா?" என்றார்.

நான்கு வருடமாக ஒருவரையொருவர் 'நீ' என்று அழைத்தவர்கள் நாங்கள். ஜேர்மன் மொழியில் 'நீ'யிலிருந்து 'நீங்கள்' என்பதற்குத் திரும்பிப் போவது மரியாதை ஆகாது. முகத்தில் துப்புவதற்கு அடுத்த படி அது.

"எங்கே போகச் சொல்கிறீர்கள்?" என்று நானும் 'நீங்கள்' போட்டுக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் காரில் ஏறினார். உடைந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து அவருடைய முன்கண்ணாடியில் எறிய என் கை துடித்தது. எறியாததற்கு ஒரே காரணம், என்னுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் அரசாங்கக் கந்தோரில் கிடக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் உடனே இனத்துவேசம் என்று முடிவு கட்டுவீர்கள். அப்படியென்றால் எனக்கு இலேசாகப் போயிருக்கும். துவேசத்துக்கு இருபது வருடமாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். மன்ஃப்ரெட் என்னை வெறுப்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகட்டுக்காக. நான் அவரை வெறுப்பதும் அதற்காகத்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

நாங்கள் வசிப்பது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலத்தில் வருகிற சிறிய ஊர். மன்ஃப்ரெட் நான் வேலை செய்த தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். கதவுப் பிணைச்சல் செய்கிற இடம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா வீட்டில் இருக்காமல் வா" என்று என்னை ஒரு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு நீளத் தடியைத் தந்தார். தடியின் நுனியில் தட்டுப்போல ஒரு வட்டம். அதைத் தரைக்கு மேலே ஆட்டி ஆட்டி நடக்க வேண்டும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் சத்தம் கேட்கும்.

இரண்டொரு வருடம் கழித்து இதைப் பற்றி ஊரில் இருக்கும் ஒரு சினேகிதனுக்கு எழுதியபோது, "ஜேர்மனியிலும் மிதிவெடியா?" என்று கேட்டுப் பதில் போட்டிருந்தான். போர்நிறுத்தம் வந்திருந்த அந்தச் சமாதான காலத்தில் எங்கள் ஊர் வளவுகளில் அதே கருவியோடுதான் மிதிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அது பொழுதுபோக்கு. இந்த நாட்டில் மண்ணைத் தோண்டுவது விளையாட்டு என்பதை அவனுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

முதல் நாள் எனக்குக் கிடைத்தது ஒரு மாட்டு மணியின் நாக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

இப்படி உலோகம் தேடுகிறவர்களின் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. என்னோடு பத்தொன்பது பேர். விளையாட்டுக் கழகத்தின் பின்னறையில் புதன்கிழமைகளில் கூடுவோம். சங்கத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. வயலில் தேடுவதற்குத் தொல்பொருள் கந்தோரின் எழுத்து அனுமதி வேண்டும். அதை எடுப்பது எப்படியென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாங்கள் நிற்கிற இடத்தில் நிற்பதற்கு அவர்கள் வாழ்க்கையில் ஒருநாளும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. நானோ ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கிய நாளிலிருந்து அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறவன். அகதி அந்தஸ்துக்கு, வேலைக்கு, பக்கத்து மாவட்டத்துக்குப் போய்க் கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குக்கூட எழுதியிருக்கிறேன். நான்கு பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, வரைபடம் இணைத்து அனுப்பினேன். ஆறு கிழமையில் அனுமதி வந்தது. எல்லோரும் மேசையில் தட்டினார்கள். அந்த வருடமே என்னைத் தலைவர் ஆக்கினார்கள். மன்ஃப்ரெட் உபதலைவர்.

தலைவர் என்றால் சங்கடந்தான். தோண்டிய குழியை மூடாமல் போனவரோடு சண்டை. விவசாயியைக் கேட்காமல் வயலில் இறங்கியவரோடு சண்டை. கூட்டக்குறிப்பில் ஒரு சொல் பிழைத்தால் அதற்கும் சண்டை. "சிவா எங்களைவிட ஜேர்மன்காரன்" என்று சிரிப்பார்கள். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கோ நான் 'தகரத் தலைவர்'. தமிழ்க் கடையில் அரிசி வாங்கப் போனால், "என்ன அண்ணை, இண்டைக்கு எத்தினை ஆணி?" என்று கேட்பார்கள். அவர்களோடும் முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டேன்.

3

அது சோளம் வெட்டி முடிந்த ஒரு ஞாயிறு. காட்டோரமாகச் சரிவான ஒரு வயல். அன்று காலை மன்ஃப்ரெட்டும் நானும் மட்டும்தான். பத்து மீற்றர் தள்ளி அவர் முழங்கால் ஊன்றித் தோண்டுவதைக் கண்டேன். வழமையாக ஏதாவது கிடைத்தால் கத்துவார். அன்று கத்தவில்லை. அதனால்தான் கிட்டப் போனேன்.

அவருடைய உள்ளங்கையில் முட்டை வடிவில் சாம்பல் நிறத் தகடு ஒன்று இருந்தது. நடுவால் ஒரு வரிசைத் துளைகள். துளைகளுக்கு மேலும் கீழும் ஒரே இலக்கங்கள்.

"உலகப்போர் காலத்துப் படைவீரனின் தகடு," என்றார் மன்ஃப்ரெட். அவருடைய குரல் சந்தோசத்தில் நடுங்கியது. "கழுத்தில் கட்டியிருப்பார்கள். ஆள் செத்தால் இந்தத் துளை வரிசையில் இரண்டாக உடைக்க வேண்டும். ஒரு பாதி உடலோடு போகும். மற்றப் பாதி கந்தோருக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்குச் செய்தி போகும். இது முழுசாக இருக்கிறது பார். சேகரிக்கிறவர்கள் முழுத் தகட்டுக்கு உயிரை விடுவார்கள்."

"அப்படியென்றால் இவர் செத்தது வீட்டுக்குத் தெரியாது."

"தெரியாது."

குழிக்குள் பார்த்தேன். மண்ணோடு மண்ணாக மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு எலும்பு. அதற்கு அருகில் ஒரு சப்பாத்தின் அடி.

"மூடு மன்ஃப்ரெட். தகட்டை அப்படியே வை. பொலீசுக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் அனுமதிப் பத்திரத்தில் அதுதான் இருக்கிறது. நான்தான் எழுதினேன்."

"நீ எழுதினாய் என்பது தெரியும்," என்றார். "அறிவித்தால் என்ன நடக்கும்? இந்தச் சரிவை மூடுவார்கள். அடுத்த வயலையும் மூடுவார்கள். அறுபது வருடமாகத் தேடாத ஆளை இனி யார் தேடப்போகிறார்கள்? இவன் உனக்கு யார்?"

நான்கு வருடத்தில் அவரிடம் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன். "என்னுடைய அண்ணனும் காணாமல் போனவர்தான்."

அவர் குழிக்குள் குனிந்து பார்த்தார். இரங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அது உங்கள் நாட்டு விசயம். இது எங்கள் செத்தவன். இதில் நீ தலையிடாதே."

தகட்டைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் பூட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் உதறினார். நான் திரும்பவும் பிடித்தேன். ஐம்பது தாண்டிய இரண்டு ஆண்கள், வெட்டிய சோளத் தட்டைகளுக்கு நடுவே, கோழிச்சண்டை பிடிப்பதுபோல. கடைசியில் அவர் என்னை நெஞ்சில் தள்ளினார். நான் விழுந்தேன். நான் எழும்புமுன் மண்வெட்டியால் குழியை மூடிவிட்டுப் போய்விட்டார். குழியை அவர் ஒழுங்காக மூடியது அன்றைக்குத்தான்.

4

என் மகள் அபிராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் அவுஸ்பில்டுங், அதாவது வேலைப் பயிற்சி. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் வரும். எழுத்து ஜேர்மன் எனக்கு வரும், ரெலிபோனில் தடுமாறும். பொலீசோடு கதைக்க உதவி கேட்டு அவளுடைய அறைக்குப் போனேன்.

"அப்பா, ஏன் உதுக்குள்ள தலையைக் குடுக்கிறியள்?" என்றாள். அபூர்வமாக அன்று தமிழில். "அவை உங்கட சினேகிதர். நாளைக்கு ஒருத்தரும் உங்களோட கதைக்கமாட்டினம்."

"கதைக்காட்டில் போகட்டும். ஒரு ரெலிபோன் எடுத்துத் தா."

"எனக்கு ஏலாது. நான் இந்த ஊரிலதான் வேலை செய்யப்போறன். மன்ஃப்ரெட்டின்ர மருமகள் என்ர கந்தோரில இருக்கிறா."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் எனக்குத் தலைக்கேறியது. "இந்த ஊர் உனக்கு முதல், அப்பா பிறகோ?" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்தினாள். நானே எடுத்தேன்.

காணாமல் போனவருக்கு ஜேர்மனில் ஃபெர்மிஸ்ட்டர். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபெர்மீட்டர். பதற்றத்தில் நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். "வயலுக்குள் ஒரு வீட்டுச் சொந்தக்காரரைக் கண்டெடுத்திருக்கிறேன். எலும்பு தெரிகிறது."

மறுமுனையில் அந்தப் பொலீஸ்காரர் மிக மெதுவாகக் கேட்டார்: "அவரை நீங்களா புதைத்தீர்கள்?"

விளங்கிய பிறகு அவர் சிரித்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு வயலின் இலக்கத்தையும், தகட்டை எடுத்துப்போனவரின் பெயரையும் சொன்னேன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அந்த வார்த்தைகளில் ஒரு பிழையும் வரவில்லை.

5

பொலீஸ் போய்த் திறந்த மன்ஃப்ரெட்டின் வீட்டு அலுமாரியில் அந்தத் தகடு மட்டும் இருக்கவில்லை. அதைப்போல இன்னும் இரண்டு, முன்னர் எப்போதோ எடுத்தவை. எங்கே எடுத்தார் என்பதை அவர் சொல்லவில்லை, அல்லது அவருக்கே நினைவில்லை. அந்த இரண்டு பேரின் எலும்புகளும் இன்னும் எங்கோ ஒரு வயலில் உழவின்கீழ் கிடக்கின்றன. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பற்கள் நெரிபடுகின்றன.

அவருக்குத் தண்டம் விதித்தார்கள். எங்கள் சங்கத்தின் அனுமதியை முழுதாக நிறுத்திவைத்தார்கள். அடுத்த புதன்கிழமை அவசரக் கூட்டம். பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். சாதாரண நாளில் பத்துப் பேர் வருவதில்லை.

நான் எழுந்து சொல்லத் தொடங்கினேன். "நாங்கள் கையெழுத்து வைத்த நிபந்தனை..."

"நிபந்தனை, நிபந்தனை," என்று ஒருவர் குறுக்கிட்டார். "வந்த நாளிலிருந்து இதுதான். எங்களைவிட ஜேர்மன்காரன்." அதே சொற்றொடர். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"சொந்த ஆளைக் காட்டிக்கொடுத்தாய்," என்றார் மன்ஃப்ரெட். "துரோகி."

ஜேர்மனில் அது ஃபெரேட்டர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாகவே சுவரைத் தேடிப்போனது. நான் விட்டுவிட்டு வந்த யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை மட்டையில் எழுதி மின்கம்பத்தில் கட்டியிருப்பார்கள், கீழே சுடப்பட்ட ஆளும் இருக்கும். இங்கே அதைச் சொல்லிவிட்டு அடுத்த பியரைக் கேட்டார்கள். எனக்குப் பயம் வந்தது, பயத்தைத் தொடர்ந்து வெட்கம், வெட்கத்தைத் தொடர்ந்து கோபம்.

"எலும்பின் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு போனவனுக்குப் பெயர் என்ன?" என்று கேட்டேன். "அதற்கு உங்கள் மொழியில் சொல் இல்லையா? என் மொழியில் இருக்கிறது." தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

வாக்கெடுப்பு நடந்தது. என்னை நீக்குவதற்குப் பதினாறு கைகள் உயர்ந்தன. நீக்கக்கூடாது என்பதற்கு என்னுடைய கை மட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நடுநிலை வகித்தார்கள். நான் நோயில் கிடந்தபோது அந்த ஆசிரியை எனக்கு சூப் கொண்டுவந்து தந்தவர். கோழைத்தனத்தையும் இந்த நாட்டில் முறைப்படி எண்ணிக் கூட்டக்குறிப்பில் பதிவார்கள். அன்று அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். எழுதி, கையெழுத்து வைத்து, கோவைகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அபிராவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் ஸ்டுட்கார்ட்டில் அறை எடுத்துப் போனாள். பயிற்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட என்று காரணம் சொன்னாள். ரயிலில் முக்கால் மணித்தியாலம் அவளுக்குத் திடீரென்று தூரமாகிவிட்டது.

6

தகட்டில் பெயர் இல்லை, இலக்கம் மட்டுந்தான். அந்த இலக்கத்தைப் பழைய பதிவேடுகளில் தேடிப் பெயரைக் கண்டுபிடிக்க ஏழெட்டு மாதம் எடுத்தது. பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்ன நாளில், இன்ன மயானத்தில் அடக்கம், விரும்பினால் வரலாம் என்று.

போனேன். பத்துப் பேர்கூட இல்லை. ஒரு பாதிரியார், கந்தோர் ஆட்கள் இரண்டு பேர், வயலின் சொந்தக்காரர். சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி. எண்பத்து நான்கு வயது. இறந்தவரின் மனைவி.

அவர்களுடைய ஊர் அந்த வயலிலிருந்து பதினெட்டு கிலோமீற்றர். போர் முடிய இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது அந்த மனிதர் செத்திருக்கிறார். வீட்டை நோக்கித்தான் நடந்திருக்க வேண்டும் என்று கந்தோர்க்காரர் சொன்னார்.

அடக்கம் முடிந்து என்னை அந்த அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஏன் மறைக்க வேண்டும், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"நீங்களா?" என்றார். என் கையைப் பிடிக்கவில்லை. "பிரான்சில் ஒருத்தியோடு இருக்கிறார் என்று யாரோ ஒருவர் வந்து சொன்னார். நான் நம்பிவிட்டேன். அறுபது வருடம் அவரைச் சபித்துக்கொண்டு இருந்தேன். அவருடைய படங்களையெல்லாம் அடுப்பில் போட்டேன். இப்போது வந்து, அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்கிறீர்கள். இந்த அறுபது வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

பிறகு நாற்காலியைத் தள்ளுகிற பெண்ணிடம் "போகலாம்" என்றார்.

7

இதுவரை நான் எழுதியதில் நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால் மிச்சத்தையும் எழுத வேண்டும்.

என் அண்ணனுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு செய்தி இல்லை. அடுத்த வருடம் நான் ஜேர்மனி வந்தேன். அகதி விடுதியில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், ரவி, என்னைத் தேடி வந்தான். அவனும் அண்ணன் இருந்த அதே இராணுவ முகாமில் இருந்து, விடுபட்டு வந்தவன். "உங்கட அண்ணையை நான் கண்டனான்," என்றான். "நான் பக்கத்தில இருக்கேக்கைதான் உயிர் போனது."

அன்றிலிருந்து எனக்குத் தெரியும்.

கடிதங்களை இராணுவம் பிரித்துப் படிக்கும் என்று முதலில் எழுதாமல் விட்டேன். பிறகு அம்மா உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று விட்டேன். அம்மா போன பிறகு, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று விட்டேன். ஒவ்வொரு மாதமும் அண்ணிக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் அவ கேட்டா: "ஏதும் கேள்விப்பட்டனீரோ தம்பி?" ஒவ்வொரு மாதமும் நான் சொன்னேன்: "இல்லை அண்ணி." அவ பொட்டோடும் தாலியோடும் முகாம் வாசல்களில் நின்று வயது போய்விட்டா. அலுமாரிக்குள் தகடு வைத்திருந்த மன்ஃப்ரெட்டை நான் என்ன பேச்செல்லாம் பேசினேன்.

மயானத்திலிருந்து வந்த மறுநாள் காலை ரெலிபோன் எடுத்தேன். சொன்னேன். ரவி சொன்னதை, எந்த வருடம் சொன்னான் என்பதை, எல்லாவற்றையும்.



"இருவது வருசம்," என்றா அண்ணி. "அந்த வாசலில நான் எத்தினை நாள் நிண்டனான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனீர்." அழுகை இல்லை. குரல் தகரம்போல இருந்தது. "எந்த நாள் எண்டு சொன்னவன்?"

ரவியிடம் நான் அதைக் கேட்கவேயில்லை. இறந்த நாள் தெரியாமல் திதி இல்லை, திதி இல்லாமல் திவசம் இல்லை. இத்தனை வருடத்தில் அது என் புத்தியில் எட்டவில்லை.

"கேட்டுச் சொல்லும்," என்று வைத்துவிட்டா.

ரவி இப்போது கனடாவில். அவனுடைய இலக்கத்தைப் பிடிக்க இரண்டு கிழமை எடுத்தது. அவனுக்கு நாள் நன்றாக நினைவிருந்தது. நான் கேட்பேன் என்று அவன் இவ்வளவு காலமும் காத்திருந்தானாம். திரும்ப அண்ணிக்கு எடுத்தேன்.

"அண்ணி, நான் சிவா."

"நாளைச் சொல்லும்."

"அந்த வருசம் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள். பின்னேரம்."

"பொழுதுபட முன்னமோ, பிறகோ?"

"முன்னம்."

"இன்னொருக்காச் சொல்லும்."

சொன்னேன். எழுதுகிற சத்தம் கேட்டது.

"சரி. இனி மாசா மாசம் எடுக்கவேண்டாம்," என்றா.

அந்த வருடமே அண்ணி திவசம் கொடுத்தா. அவவின் தமையனின் மகன் கிரியை செய்தான். அங்கே போயிருந்த சொந்தக்காரர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். ஐயர் தர்ப்பையை எடுத்துக்கொண்டு, "செத்தவருக்குப் பிள்ளையில்லை எண்டால் தம்பிமார் செய்யலாமே, ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டாராம்.

"ஒருத்தரும் இல்லை ஐயா," என்றாவாம் அண்ணி. "அவர் தனிப்பிள்ளை."